அறிவிப்பு காட்டிய இடத்தில் சாளை இல்லையா?

நண்பரே, மீன் கிடைக்கக்கூடிய இடங்களைச் செயற்கைக்கோள் தரவை வைத்துச் சொல்லும் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) அறிவிப்பில் வந்த இடத்திற்கே போய் இருமுறை செவுள் வலை விட்டும் சாளை மீன் விழவில்லை என்கிறீர்கள். முதலில் ஜிபிஎஸ் அமைப்பைப் பாருங்கள். அறிவிப்பில் உள்ள அட்சரேகை 9 டிகிரி 36 நிமிடம் 42 செகண்டை தசம முறையில் 9.3642 என்று அடித்தால் சுமார் 15 கடல் மைல் தெற்கே போய்விடுவீர்கள். சரியான எண் 9.6117. இந்தத் தவறு பரவலானது.

எண் சரி என்றால் நீரோட்டம்தான் காரணமாக இருக்கும். செயற்கைக்கோள் பார்ப்பது மேல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும், மீனை அல்ல. குளிர்நீரும் சூடான நீரும் சந்திக்கும் கோட்டில் மிதவை உயிரிகள் சேரும், அதைத் தின்ன சாளை வரும். அந்தக் கோடு நிற்காது. அரை நாட் (மணிக்கு அரை கடல் மைல்) ஓட்டத்தில் ஒரே நாளில் 12 கடல் மைல் நகரும். ஆகவே அறிவிப்பு வந்து எத்தனை மணி நேரமாயிற்று என்று கணக்கிட்டு, ஓட்டம் போகும் திசையில் தள்ளித் தேடுங்கள். நீர் நிறம் மாறும் இடம், நுரைக்கோடு, பறவைக் கூட்டம் தெரிந்தால் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். சிறு தூரத்தில் அரை டிகிரி மாறினாலே வலை விடலாம்.

தென்மேற்குப் பருவத்தில் மேகம் மறைத்தால் அறிவிப்பே வராது. பழையதை நம்பி டீசலை எரிக்காதீர்கள். இது பெரும்பாலும் மேல்நீர் மீனுக்கானது.