ரெடிங்கில் பார்க்க ஒன்றுமில்லையா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அடுத்த மாதம் பத்து நாள் அவளுடன் தங்கப்போகிறேன். அந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை, அதற்கு ‘சிட்டி’ என்ற தகுதிகூடக் கிடையாது, லண்டனுக்கே போய்விடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம். எழுத்தைப் பார்த்துப் படித்தால் ‘ரீடிங்’ என்றுதான் வரும். ஆனால் அவ்வூர் மக்களின் வாயில் அது ‘ரெடிங்’.

சிட்டி என்பது இங்கிலாந்தில் அளவைப் பொறுத்ததன்று. அரசர் வழங்கும் பட்டம். பன்னிரண்டாயிரம் பேர் அளவிலேயே வாழும் வெல்ஸ் என்ற சிற்றூர் ஒரு சிட்டி. 2021 கணக்கெடுப்பின்படி 1,74,000 பேர் வாழும் ரெடிங், 2000, 2002, 2012, 2022 என நான்கு முறை விண்ணப்பித்தும் பட்டம் பெறாமல் டவுனாகவே இருக்கிறது. பட்டம் இல்லை என்பதை வைத்து ஓர் ஊரில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுவது, அங்கே புதைக்கப்பட்டிருக்கும் அரசரையே மறந்துவிடுவதாகும்.

ஆம், அரசர்தான். கப்பல் விபத்தில் தம் வாரிசான மகனைப் பறிகொடுத்த மறு ஆண்டு, 1121இல், முதலாம் ஹென்றி இங்கே ஒரு பெரிய மடாலயத்தை நிறுவினார். 1135இல் பிரான்சின் நார்மண்டியில் இறந்த அவரது உடலைக் கடல் கடந்து கொண்டுவந்து, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செழித்திருந்த அம்மடாலயத்தை 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி மூடியது. கடைசி மடாதிபதி ஹியூ ஃபாரிங்டன் அதே ஊரில் தூக்கிலிடப்பட்டார். செதுக்கிய கற்களையெல்லாம் வேறு கட்டடங்களுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், சுவர்களின் உள்ளே இட்டு நிரப்பியிருந்த சிக்கிமுக்கிக் கற்கள் மட்டுமே இன்று கரடுமுரடாக உயர்ந்து நிற்கின்றன. அரசரின் கல்லறை இருந்த இடத்தைக்கூட இன்று துல்லியமாகச் சுட்ட முடியாது. பழைய கோயில்களுக்கு நடுவே வாழும் உங்களுக்கு, இப்படி மேல்தோல் உரிக்கப்பட்டு நிற்கும் ஒரு திருத்தலம் மனத்தைத் தொடாமல் இருக்காது என்று நம்புகிறேன்.

இடிபாடுகளை ஒட்டி ஃபோர்பரி பூங்கா இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அங்குள்ள வார்ப்பிரும்புச் சிங்கம், ஆப்கானிஸ்தான் போரில் 1880 ஜூலையில் மைவந்த் களத்தில் பெருமளவில் மடிந்த, ரெடிங் அமைந்துள்ள பெர்க்ஷயர் மாவட்டத்தின் 66ஆவது பெர்க்ஷயர் படையினருக்காக 1886இல் நிறுவப்பட்டது. பீடத்தில் 329 பெயர்கள் உள்ளன. கால்களின் அமைப்பைத் தவறாக வடித்துவிட்டோமே என்று சிற்பி தற்கொலை செய்துகொண்டதாக அங்கே யாராவது கதை சொல்லக்கூடும், நம்பாதீர்கள். சிற்பி ஜார்ஜ் சைமண்ட்ஸ் 1929 வரை வாழ்ந்தவர். நீங்கள் நினைவில் கொள்ளவேண்டியது வேறொன்று: அதே களத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று போரிட்டு மடிந்தவர்களில் பம்பாய்ப் படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அது பெர்க்ஷயர் படைக்கென்றே எழுப்பிய சின்னமாதலால் அவர்கள் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. இங்கிருந்து போகிற நாமாவது அவர்களுக்காகவும் அங்கே ஒரு நிமிடம் நிற்கவேண்டும்.

பழைய டவுன் ஹாலில் உள்ள அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள், அனுமதி இலவசம். நார்மானியர் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும் பேயோ துணிச்சித்திரத்தின் முழு நகல், ஏறத்தாழ 70 மீட்டர் நீளத்துக்கு, அங்கே சுற்றிலும் மாட்டப்பட்டிருக்கிறது. 1880களில் லீக் என்ற ஊரின் பெண்கள் கையால் தைத்தது அது. அதே கட்டடத்தில் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் டப்பாக்களுக்கென்றே ஒரு கூடம் உண்டு. 1822இல் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய அந்நிறுவனம், அந்நூற்றாண்டின் முடிவில் ஐயாயிரம் பேருக்கு வேலை தந்து, உலகின் மிகப் பெரிய பிஸ்கட் ஆலையாக வளர்ந்திருந்தது. 1970களில் அங்கே உற்பத்தி நின்றுபோனது.

லண்டனையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; பேடிங்டன் நிலையத்துக்கு விரைவு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். ஆனால் முதல் நாளை ரெடிங்குக்குக் கொடுங்கள். காலையில் மடாலயமும் சிங்கமும், பகலில் அருங்காட்சியகம், மாலையில் கென்னட் ஆற்றங்கரை வழியாக அது தேம்ஸில் கலக்கும் இடம் வரை ஒரு நடை. பல்கலைக்கழக வளாகம் ஊரின் நடுப்பகுதியிலிருந்து சற்றுத் தள்ளியிருப்பதால், உங்கள் மகளும் இவற்றையெல்லாம் இன்னும் பார்க்காமல் இருக்கலாம். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.