மாண்டலினில் ‘ஆல் ஆஃப் மி’: கேள்வி பதில்

இந்த அமர்வுக்கு ஒரே ஜாஸ் பாட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: ஜெரால்ட் மார்க்ஸும் சீமோர் சைமன்ஸும் 1931-இல் இயற்றிய ‘ஆல் ஆஃப் மி’. சி மேஜர், 32 பார் (தாளக் கட்டம், ஒவ்வொன்றிலும் நான்கு அடி). உங்கள் கம்பிகள் தாழ்விலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்ந்திருப்பதாகக் கொண்டே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கிதார் பழகாமல் நேராக மாண்டலினில் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம்.

கேள்வி: மெட்டை எப்படிப் பிடிப்பது?

பதில்: முதலில் வாயால் பாடுங்கள். பாட வராத மெட்டு விரலுக்கும் வராது. பில்லி ஹாலிடே 1941-இல் பாடிய பதிவைப் பலரும் முதலில் கேட்கிறார்கள். அவர் மெட்டைத் தம் போக்கில் வளைத்துப் பாடுபவர் என்பதால், எழுதியபடி பாடிப் பழகிய பிறகே அதைக் கேட்பது நல்லது.

தொடக்கச் சொற்றொடர் சி, ஜி, ஈ என்று இறங்குகிறது. ஏ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை நடுவிரலாலும், டி கம்பியில் ஐந்தாவதை மோதிர விரலாலும், அதே கம்பியில் இரண்டாவதை ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள். அடுத்து ஈ செவன் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரும்போது அதே சொற்றொடர் பி, ஜி ஷார்ப், ஈ என்று திரும்ப வருகிறது. இப்போது கையைப் பாருங்கள்: மேல் ஸ்வரம் ஒரு ஃப்ரெட் இறங்குகிறது, நடு ஸ்வரம் ஒரு ஃப்ரெட் ஏறுகிறது, கடைசி ஸ்வரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாட்டின் குணம் முழுவதும் இந்த ஓர் அசைவில் தெரிந்துவிடும்.

கேள்வி: டேப்லேச்சர் (கம்பியையும் ஃப்ரெட்டையும் எண்ணால் காட்டும் குறிப்பு) எங்கே கிடைக்கும்?

பதில்: தேடினால் கிடைக்கும். ஆனால் அது விரல் எங்கே போகவேண்டும் என்று மட்டுமே சொல்லும், ஏன் போகவேண்டும் என்று சொல்லாது. முதலில் பாடுங்கள்.

கேள்வி: கர்நாடக இசையை மாண்டலினில் பழகியவன் நான். அது இங்கே உதவுமா?

பதில்: காது உதவும், கம்பி அவ்வளவாக உதவாது. உ. ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் பூட்டிய மின் மாண்டலின். இரட்டைக் கம்பி மாண்டலினில் கமகத்துக்கான அந்த இழுப்பைக் கொண்டுவருவது கடினம், இந்தப் பாட்டுக்கு அது தேவையும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சி-யை ஸட்ஜமாக வைத்தால், பஞ்சமம் நின்ற இடத்தில் சுத்த தைவதம் வருவதாக உங்கள் காது சொல்லும். ராகம் மாறிவிட்டதாக எண்ணவேண்டாம். மெட்டுக்கு அடியில் இருக்கும் கார்ட் மாறியிருக்கிறது, மெட்டு அதற்கு இணங்கியிருக்கிறது.

கேள்வி: கார்ட்கள் மிக வேகமாக மாறுகின்றன. நான்கு விரலையும் வைப்பதற்குள் பாட்டு போய்விடுகிறது.

பதில்: நான்கு விரலை யார் வைக்கச் சொன்னார்கள்? கார்டுக்குப் பெயர் தரும் மூலஸ்வரத்தைப் பாஸோ கிதாரோ பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் மூலஸ்வரத்திலிருந்து எண்ணி வரும் மூன்றாம் ஸ்வரத்தையும் ஏழாம் ஸ்வரத்தையும் மட்டும், ஜி, டி என்ற கீழ் இரு கம்பிகளில் பிடியுங்கள். ஈ செவனுக்கு ஜி கம்பியில் ஏழாம் ஃப்ரெட், டி கம்பியில் ஆறாவது. ஏ செவனுக்கு அந்தப் பிடியை அப்படியே ஒரு ஃப்ரெட் இறக்கினால் போதும்: ஆறு, ஐந்து. டி செவனுக்கு ஐந்து, நான்கு. ஜி செவனுக்கு நான்கு, மூன்று. ஒவ்வோர் இறக்கத்திலும், முந்தைய கார்டில் மூன்றாம் ஸ்வரம் இருந்த கம்பிக்கு ஏழாவதும், ஏழாவது இருந்த கம்பிக்கு மூன்றாவதும் வந்துவிடுகின்றன. கார்ட்களின் மூலஸ்வரங்கள் ஐந்தாம் இடைவெளியில் இறங்கிக்கொண்டே போவதால் இது இவ்வளவு எளிதாக அமைகிறது. முதல் பாதியின் முடிவில் டி செவனிலிருந்து டி மைனர் செவனுக்குப் போகும்போது டி கம்பியில் இருக்கும் விரல் மட்டும் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும். பிறகு ஜி செவனுக்கு அந்த விரலை எடுக்காமல், ஜி கம்பியில் ஐந்தை நான்காக்கினால் போதும்.

கேள்வி: டேப்லேச்சர் இணைப்பு ஏதேனும் உண்டா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அமெரிக்க நாட்டுப்புற வழி இசையான புளூகிராஸ் போல இரண்டாம், நான்காம் அடிகளில் ‘சாப்’ (அடித்தவுடன் ஒலியை அடக்கும் வெட்டடி) அடித்தால் போதாதா?

பதில்: போதாது. சாப் பில் மன்றோ வழி வந்த இசைக்கு உரியது. ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் கவுன்ட் பேஸி குழுவின் கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீனைப் போல நான்கு அடியும் சமமாக வரவேண்டும்.

கேள்வி (அதே அன்பர்): ஸ்விங் டிரம்மரின் ஹை-ஹாட் (காலால் மூடும் ஜோடித் தட்டு) இரண்டிலும் நான்கிலும்தானே மூடுகிறது? அதை மாண்டலின் செய்தால் மட்டும் எப்படித் தவறாகும்?

பதில்: நியாயமான மறுப்பு. பாஸ் நான்கு அடியும் நடந்து, கிதாரும் உடன் இருந்தால் நீங்கள் இரண்டிலும் நான்கிலும் மட்டும் அடிக்கலாம். ‘போதாது’ என்று நான் ஒரேயடியாகச் சொன்னது மிகை. ஆனால் ஹை-ஹாட்டுக்குக் கார்ட் கிடையாது, உங்களுக்கு உண்டு. டி மைனருக்கும் ஜி செவனுக்கும் ஆளுக்கு ஒரு பார்தான். மாற்றம் முதல் அடியில் நிகழும்போது நீங்கள் இரண்டாம் அடியில் வந்து சேர்ந்தால், கேட்பவருக்கு அந்த மாற்றம் தாமதமாகவே எட்டும். பாடகரும் மாண்டலினும் மட்டும் இருக்கும் இடத்தில் முதல் அடியை விட்டுவிட்டால் பாட்டுக்குத் தரையே இருக்காது.

கேள்வி (வேறொருவர்): அப்படியென்றால் மாண்டலின் ஜாஸுக்கான கருவியே அல்ல என்று ஒப்புக்கொள்ளுங்களேன்.

பதில்: ஜாஸ் மாண்டலின் கலைஞர் ஜெத்ரோ பர்ன்ஸ் (1920–1989) வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து இதே வாக்கியத்தை எழுதுங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: நீண்ட ஸ்வரங்களில் ட்ரெமோலோ (ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக மீட்டுவது) செய்யலாமா?

பதில்: அரிதாகச் செய்யலாம். எல்லா நீண்ட ஸ்வரத்திலும் செய்தால் ஸ்விங் நின்றுபோகும். ஒரே அடி அடித்து, ஒலி அடங்க விடுங்கள். அந்த மௌனத்தைப் பாஸ் நிரப்பும்.

கேள்வி: எனக்குப் பாட வராது. டேப்லேச்சர் இருந்தால் அனுப்ப முடியுமா?

பதில்: முணுமுணுக்கவாவது வருமல்லவா? அது போதும்.