சினிமாவும் தத்துவமும் பேசும் மகளுக்கு என்ன படிப்பு?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் பள்ளி இறுதியாண்டில் இருக்கிறாள். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். ஆனால் ஒரு படம் பார்த்தாலோ ஒரு நாவலை முடித்தாலோ அன்று இரவு முழுக்க அதே பேச்சு: சாவே இல்லாவிட்டால் மனிதர்கள் அன்பு செலுத்துவார்களா, கூட்டத்துக்கு நடுவிலும் ஏன் தனிமை, நாம் விரும்பியபடிதான் வாழ்கிறோமா. இப்போது தத்துவமோ திரைப்பட ஆய்வோதான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். 'இது சோறு போடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடும், ஆனால் தானாகப் போடாது. மருத்துவம் படித்தால் மருத்துவர் என்பதுபோல இந்தப் பட்டத்தின் பெயரிலேயே வேலையின் பெயர் இருக்காது. படித்ததை வேலையாக மாற்றும் பொறுப்பு படிப்பவர் தலையில் விழும். அதனால், அவள் மனதில் ஓடும் எண்ணங்கள் ஆழமானவையா என்பதைவிட, அந்த எண்ணங்களை வைத்து உட்கார்ந்து உழைக்கிறாளா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அவள் கேட்கும் கேள்விகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நேரில் காணச் சகிக்காத ஒன்று, சித்திரமாக வரும்போது நமக்கு ஏன் இன்பம் தருகிறது என்று அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்தார். பயங்கரப் படம் பார்த்துவிட்டு வந்து உங்கள் மகள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் ஒரு பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். சாதாரண மக்கள் படிக்கும் பத்திரிகை, பார்க்கும் தொலைக்காட்சி, கேட்கும் பாட்டு எல்லாம் அங்கே ஆராய்ச்சிப் பொருளாயின. ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்டுவர்ட் ஹால் பிறகு அதை நடத்தினார். தொலைக்காட்சியில் ஒருவர் அனுப்பும் பொருள் அப்படியே பார்ப்பவரிடம் போய்ச் சேர்வதில்லை என்று அவர் 1973இல் எழுதினார். சிலர் அதை அப்படியே ஏற்கிறார்கள், சிலர் பாதி ஏற்றுப் பாதி மறுக்கிறார்கள், சிலர் அதற்கு எதிராகவே பொருள் கொள்கிறார்கள் என்றார். பார்வையாளர்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்தப் பகுப்பு இன்றும் கையாளப்படுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் துறையை 2002இல் பல்கலைக்கழகமே மூடிவிட்டது. அங்கே பிறந்த சிந்தனை உலகம் முழுக்கப் பரவியிருந்தும் துறை தப்பவில்லை. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தின் பெருமையோடு அந்தத் துறை நிலையாக நடக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கருத்தை வைத்து உழைப்பது என்றேனே, அதற்கு ஒரு நல்ல உதாரணம் ரஷ்யாவில் இருக்கிறது. மௌனப்பட காலத்தில் லெவ் குலஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்துக்கொண்டார். அதை ஒரு தட்டு சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டினார். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ அதில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். அடுத்தவர் மனதை நாம் எப்படி அறிகிறோம் என்ற பழைய தத்துவக் கேள்வி, படத்தொகுப்பு மேசையில் கண்ணுக்குத் தெரியும் பொருளாக வந்து நின்றது. இதைப் புரிந்துகொண்ட மாணவி, 'அந்தப் படம் என்னவோ செய்தது' என்பதோடு நிறுத்த மாட்டாள். அந்த 'என்னவோ' எந்த வெட்டில், எந்த மௌனத்தில் உண்டானது என்று தேடிப் போவாள். இந்தப் படிப்பு தரவேண்டிய பயிற்சியே அந்தத் தேடல்தான்.

அவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பிடித்த படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுப் படம் வேண்டாம், 'வாழ்க்கை' என்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். கேமரா எங்கே நிற்கிறது, யார் பேசாமல் இருக்கிறார்கள், எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள், வேறு மாதிரி எடுத்திருந்தால் பொருள் எப்படி மாறியிருக்கும் என்று ஐந்நூறு சொற்களில் எழுதட்டும். அதை அவளோடு ஒத்துப்போகாத ஒருவர் படித்து மறுப்புச் சொல்லட்டும். அந்த மறுப்பைக் கணக்கில் எடுத்து அவள் மறுபடி எழுதட்டும். வாரம் ஒன்று என்று மூன்று மாதம் இது நடந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது வாரமே சலித்துவிட்டால் அதிலும் தவறில்லை. படம் பார்ப்பதும் புத்தகம் படிப்பதும் ஆயுள் முழுக்கத் துணையாக இருக்கட்டும், பட்டம் வேறொன்றில் வாங்கட்டும். ரசனை இருப்பவர்கள் எல்லாரும் அதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

கருத்துகளைக் கருவியாகப் பிடிக்கவும் அவள் பழக வேண்டும். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1958இல் வெளியிட்ட நூலில் மனிதச் செயல்களை மூன்றாகப் பிரித்தார். உயிர் வாழ்வதற்காக நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும் பாடு ஒன்று. நிலைத்து நிற்கும் பொருளை உருவாக்கும் ஆக்கம் இன்னொன்று. மற்றவர்கள் நடுவே புதிதாக ஒன்றைத் தொடங்கிவைக்கும் செயல் மூன்றாவது. அலுவலக வாழ்க்கையைக் காட்டும் ஒரு தொடரை அவள் பார்த்தால், அதில் வருபவர்கள் இந்த மூன்றில் எதைச் செய்கிறார்கள், எது அவர்களுக்கு மறுக்கப்படுகிறது என்று கேளுங்கள். 'மனிதர்கள் சலிப்பாக வாழ்கிறார்கள்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் குறிப்பாகப் பேசத் தொடங்குவாள். வேலைக்கு எடுப்பவர்கள் மதிப்பது அந்தக் குறிப்பான பேச்சைத்தான்.

இனி வேலை. திரைக்கதைகளைப் படித்து மதிப்பிடுவது, பதிப்பகம், இதழியல், அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், வசனத் தமிழாக்கம், பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்பு, படங்களுக்கு வயதுச் சான்று வழங்கும் அமைப்புகள், வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுவது, ஒரு செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வது, பள்ளி கல்லூரி ஆசிரியப் பணி என்று வழிகள் இருக்கின்றன. நீங்கள் எதிர்பார்க்காத இடத்திலும் ஒன்று உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா ஷரோன் என்ற மருத்துவர், நோயாளி சொல்லும் கதையைக் கவனித்துக் கேட்க மருத்துவர்களுக்கு இலக்கிய வாசிப்பின் வழியே பயிற்சி தரத் தொடங்கினார். 2009இல் அது முதுகலைப் படிப்பாகவே வந்துவிட்டது. வலியையும் மரணத்தையும் பற்றி யோசிக்கத் தெரிந்தவர்களின் தேவை மருத்துவமனைக்குள்ளும் உணரப்பட்டிருக்கிறது.

புகழ்பெற்றவர்களை உதாரணம் காட்டுவது சுலபம். இயக்குநர் ஈத்தன் கோயன் பிரின்ஸ்டனில் தத்துவம் படித்தவர், டெரன்ஸ் மாலிக் ஹார்வர்டில் படித்தவர். இவர்கள் விதிவிலக்குகள். விதிவிலக்கை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு முதல் சில ஆண்டுகள் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். வேலை நேர்கோட்டில் அமையாது, ஒப்பந்தப் பணிகள் வந்துபோகும். பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் முனைவர் பட்டம் வரை படிக்க வேண்டும். படித்து முடிக்கும் எல்லாருக்கும் போதுமான நிரந்தர இடங்கள் பெரும்பாலான நாடுகளில் கிடையாது. இதை அவளிடம் இப்போதே, அன்போடு, எதையும் குறைக்காமல் சொல்லுங்கள். அவள் தாங்கிக்கொள்வாள்.

அதனால்தான் இந்தப் படிப்போடு கைக்கு ஒரு தொழிலும் சேர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். படத்தொகுப்பு, மொழிபெயர்ப்பு, நிரலாக்கம் என எதுவாகவும் இருக்கலாம். உங்கள் மகளுக்குக் கணக்கு வருகிறது என்பதால் என் தேர்வு புள்ளியியல். பார்வையாளர்களைப் பற்றி அழகாக எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்வையாளர்களைப் பற்றிய தரவையும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தத்துவத்தில் சேர்ந்தால் தர்க்கவியல் பாடத்தை அவள் எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்கக் கூடாது. கிளாட் ஷானன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஒரு தத்துவ வகுப்பில்தான் கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் தர்க்கத்தைத் தெரிந்துகொண்டார். அதை மின்சுற்றுகளுக்குப் பொருத்தி 1937இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு கணினிச் சுற்றுகளுக்கு அடித்தளமானது. எல்லாரும் ஷானன் ஆக முடியாதுதான். ஆனாலும் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் வாதிடத் தர்க்கம் அளவுக்குக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'எதற்கும் அர்த்தமில்லை என்று சில நாட்களாகச் சொல்கிறாள்.' அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அர்த்தமின்மையைப் பற்றி ஆர்வத்தோடு வாதாடும் பிள்ளைக்குப் பசிக்கும், தூக்கம் வரும், நண்பர்களோடு சிரிப்பாள். அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை. மாறாக, தூக்கமும் சாப்பாடும் குறைந்து, பிடித்த படத்தைக்கூடப் பார்க்க மனமில்லாமல், யாரோடும் சேராமல் இரண்டு வாரமாக இருக்கிறாள் என்றால் அதைத் தத்துவம் என்று விட்டுவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்வதைப் பற்றியோ சாக விரும்புவதைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போங்கள். படிப்பு எங்கும் ஓடிப்போகாது.

அவள் நலமாக இருக்கிறாள் என்று தெரிந்தால் வீட்டில் ஒரு மாற்றம் செய்யலாம். 'இதனால் என்ன பிரயோஜனம்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எந்தக் காட்சியைப் பார்த்து உனக்கு அப்படித் தோன்றியது' என்று கேளுங்கள். முடிந்தால் அவளுக்குப் பிடித்த ஒரு படத்தை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அவள் பதில் சொல்லட்டும். அம்மாவை ஏற்கச் செய்யும் அளவுக்கு வாதாடப் பழகினால் எந்த நேர்காணலிலும் அவளால் பேச முடியும்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் விளம்பரத் தாளையும் விட்டுவிட்டு, ஒரு மாணவியின் திருத்தப்பட்ட கட்டுரையைக் காட்டச் சொல்லுங்கள். ஓரங்களில் ஆசிரியர் குறிப்பு நிறைய எழுதியிருந்தால் நல்ல அறிகுறி, வெறும் மதிப்பெண் மட்டும் இருந்தால் யோசியுங்கள். படிப்பை முடித்து ஐந்து ஆண்டு ஆனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். போன ஆண்டு முடித்தவர்களின் நிலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். காட்சிகளைப் பற்றி எழுதியதில் மூன்றை அவளே தேர்ந்தெடுத்துக் கொண்டுவரட்டும். நீங்கள் எதையும் திருத்திக் கொடுக்க வேண்டாம். எழுத்துப்பிழைகள் இருந்தாலும் அப்படியே இருக்கட்டும், அவளோடு உட்கார்ந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.