சந்தனம் வைத்த கண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸை இணையத்தில் வாங்கினேன். விற்றவர் 'கண்ணாடி சுத்தம்' என்று எழுதியிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் முன் கண்ணாடியில் தலைமுடி போல இரண்டு கீறல்கள், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டர் இருக்கும். தூக்கம் போய்விட்டது. படத்தின் தரம் கெடுமா? திருப்பி அனுப்பிவிடலாமா? பற்பசை வைத்துத் தேய்த்தால் கீறல் மறையும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள், செய்யலாமா? இதைக் கேமராவில் மாட்ட எந்த அடாப்டர் (இணைப்பு வளையம்) வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

பற்பசையைக் கீழே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் ஒரு கீறலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரியை ஒழித்தபோது மாமாவின் யாஷிகா கேமரா கையில் அகப்பட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில். இல்லாவிட்டால் 'ஒன்றும் ஆகாது, படம் எடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

முதலில் கணக்கு. உங்கள் லென்ஸ் 58 மில்லிமீட்டர், எஃப்/2. முழுதாகத் திறந்திருக்கும்போது ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் 58-ஐ இரண்டால் வகுத்தது, அதாவது 29 மில்லிமீட்டர், பரப்பு ஏறத்தாழ 660 சதுர மில்லிமீட்டர். கீறல் ஒவ்வொன்றும் தடித்த முடி அளவு, 0.1 மில்லிமீட்டர் அகலம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 1.6 சதுர மில்லிமீட்டர். 0.25 சதவீதம்கூட இல்லை. இதற்கா தூக்கம் போயிற்று?

கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு வலையைக் கண்ணருகே இழுத்து வைத்துத் தெருவைப் பாருங்கள். தெரு தெரியும், வலை காணாமல் போயிருக்கும். முன் கண்ணாடிக் கீறலும் அப்படித்தான். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் முழுக் கண்ணாடியும் சேர்ந்து வரைகிறது. கீறல் தனியாகக் கோடு போடுவதில்லை. வெயிலோ விளக்கோ நேராகக் கீறலில் விழுந்தால்தான் தொல்லை. ஒளி சிதறிப் படத்தின் மேல் ஒரு வெண்மூட்டம் படியும், கறுப்பு சாம்பலாகும். எஃப்/16 வரை மூடினால் ஒளி நுழையும் வட்டம் நாலு மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடும். கீறல் அந்த வட்டத்துக்குள் வந்தால் அப்போது கொஞ்சம் பயப்படலாம். இந்த லென்ஸை எல்லோரும் வாங்குவதே பின்னணி சுழன்று தெரிவதற்காகத்தான். அந்தப் பின்னணியில் விளக்குகள் மங்கிய ஒளிவட்டங்களாகத் தெரியும், அவற்றுக்குள் ஒருவேளை உங்கள் கீறல் மெல்லிய கோடாகத் தெரியலாம். கீறல் பின் கண்ணாடியில் இருந்தால் கதை வேறு. அது படம் விழும் இடத்துக்கு அருகில் இருப்பது, சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். உங்களுக்கு முன்னால்தானே?

டார்ச் அடித்துப் பார்த்தால் நேற்றுப் பெட்டி பிரித்த லென்ஸும் கலங்கிய குட்டை போலத்தான் தெரியும். மூன்று வாரமாக லென்ஸ் உங்களிடம் இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எடுத்த ஒரு படத்தைப் பற்றியாவது ஒரு சொல் உண்டா? கண்ணாடி வழியாகப் பார்க்கச் செய்த பொருள் ஐயா அது. விற்றவர் பொய் சொன்னது உங்களை உறுத்தினால் திருப்பி அனுப்புங்கள். அது பணத் தகராறு, லென்ஸ் அதற்குப் பொறுப்பில்லை.

இப்போது பற்பசைக்கு வருகிறேன். என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். பழைய லென்ஸ்களைக் கீறியவர்கள் யார்? கவலையற்றவர்கள் அல்ல, கவலைப்பட்டவர்கள். 1933-இல் லைக்கா கேமராக்களைச் செய்த ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் சும்மார் என்று ஒரு லென்ஸ் கொண்டுவந்தது. முன் கண்ணாடி மிருதுவானது, மேலே பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் கிடையாது. இன்று கிடைக்கும் சும்மார்களில் பெரும்பாலானவற்றில் முன் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். கீழே போட்டு வந்ததல்ல. தோல் உறையில் பொத்திவைத்து, தினம் எடுத்துத் துடைத்துத் துடைத்து வந்தது. தூசி என்று நாம் சொல்வதில் மணல் இருக்கிறது, குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. அதன்மேல் பட்டுத்துணியை வைத்து அழுத்தினாலும் உப்புத்தாள்தான். உங்கள் ஹீலியோஸின் மேல் இருக்கும் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பற்பசை அதை ஒரே தேய்ப்பில் வழித்துக்கொண்டு போகும். பிறகு, ஒளியலையின் அளவில் சரிபார்த்து வளைத்த கண்ணாடிக்கு உங்கள் கட்டைவிரல் புது வளைவு கொடுக்கும். கீறல் இருந்தபோது 0.25 சதவீதம் போயிற்று. தேய்த்த பிறகு முழு லென்ஸும் போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1890-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வடிவமைப்பாளர், வயதாகி மேற்பரப்பு கறுத்துப்போன லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். கறை பிரதிபலிப்பைக் குறைத்திருந்தது. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்பவர் செய்த பூச்சு அந்தக் கறையின் வேலையைத்தான் செய்தது. அந்த நல்ல கறையை எத்தனை பேர் அழுக்கு என்று தேய்த்துக் கழுவினார்களோ!

பூஞ்சை மட்டும் வேறு விஷயம். அது வளரும், பூச்சை அரிக்கும், உடனே பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள். கீறல் வளராது, நீங்கள் வளர்த்தால் ஒழிய.

மாமா சாத்தூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள யாஷிகா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, படம் பிடிப்பது கீழ் லென்ஸ். ஆயுத பூஜையன்று கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலை எனக்கு. பத்து வயது. நெற்றி எது என்று தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் நட்டநடுவில், கண்ணாடி மேலேயே, பெரிதாக ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டேன். காலையில் பார்த்தபோது சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கல்லில் அரைத்த சந்தனம், கல்லும் சேர்ந்தே வந்திருக்கும். மாமா வேட்டி முனையால் துடைத்தார். 'கரக்' என்று ஒரு சின்னச் சத்தம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல் கண்ணோடு நிறுத்தியிருக்கக் கூடாதா மருமகனே?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் என் இடம் மாமாவின் தோளருகே. மணமேடை மேல் ட்யூப் லைட் எரிந்தாலோ, பக்கத்து ஜன்னலில் வெயில் அடித்தாலோ, "மறை" என்பார். பனையோலை விசிறியை லென்ஸுக்கு மேலே, படத்துக்குள் வராமல், பிடிக்க வேண்டும். எட்டு வருடம் நான்தான் அந்தக் கேமராவுக்குக் கூரை. கண் மூடியிருக்கிறது, நகை தெரியவில்லை, நாத்தனார் முன்னால் நிற்கிறாள் என்றெல்லாம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கீறல் தெரிகிறது என்று ஒருவரும் வந்ததில்லை. மாமாவும் அதன்பின் லென்ஸை வேட்டியால் தொடவே இல்லை. ரப்பர் பந்தால் ஊதுவார், கைக்குழந்தையின் கண்ணில் தூசி ஊதுவது போல.

கேமராவை இப்போது மேசைமேல் வைத்திருக்கிறேன். கீழ் லென்ஸில் நாலு கோடுகள், சாய்த்துப் பிடித்தால் தெரிகின்றன. மேல் லென்ஸைச் சுற்றிய வளையத்தின் இடுக்கில் ஒரு மஞ்சள் துணுக்கு. சந்தனமாகத்தான் இருக்க வேண்டும். ஊசியால் எடுத்துவிடலாம். எடுக்கவில்லை.

பக்க வெளிச்சத்தைத் தடுக்கும் ஒரு லென்ஸ் மறைப்பு (ஹூட்) வாங்கிக்கொள்ளுங்கள், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்தால் விசிறியைக் கொடுத்து நிறுத்துங்கள்.

அடாப்டரை மறந்தே போனேன். உங்கள் லென்ஸில் இருப்பது பெரும்பாலும் எம்42 என்ற 42 மில்லிமீட்டர் திருகாகத்தான் இருக்கும். ஆனால் அதை எந்தக் கேமராவில் மாட்டப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே?