பழைய ஷூவை மறுசுழற்சிப் பெட்டியில் போட்டால் அது புது ஷூ ஆகுமா?

கேள்வி இதுதான்: "வீட்டில் நாலைந்து ஜோடி பழைய ஷூ கிடக்கிறது. குப்பையில் போட மனமில்லை. மறுசுழற்சிக்கென்று வைக்கும் பெட்டியில் போட்டால் உண்மையிலேயே அது திரும்பப் புது ஷூ ஆகுமா?"

ஆகாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் சோல் ஒட்டும் பகுதியில் இருந்தவன் சொல்கிறேன். போகவேண்டிய இடத்துக்குப் போனால் பொடியாகும். இல்லாவிட்டால் கப்பலேறும்.

ஷூ பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே எங்களுக்கு வேலையே. ஷூவின் மேல்பாகமான அப்பரின் அடியோரத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, பிரைமர் பூசி, பசை தடவிக் காயவிட்டு, சூடு காட்டி, சோலை வைத்து பிரஸ்ஸில் அழுத்துவோம். அப்புறம் சாம்பிளுக்கு ஒன்றை எடுத்து மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். சோல் சுத்தமாகக் கழன்று வந்துவிட்டால் அன்றைக்கு லைனில் இருக்கிற எல்லோருக்கும் திட்டு. தோலே கிழிந்து சோலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் சூப்பர்வைசர் முகத்தில் சிரிப்பு. அதாவது தோல் கிழியலாம், ஒட்டு விடக்கூடாது. இப்படி ஒட்டியதைத்தான் மறுசுழற்சிக்காரர் தோல் தனி, ரப்பர் தனி என்று பிரித்தாக வேண்டும்.

பிரித்துத்தான் பார்ப்போமே என்று போன மாதம் மகனின் தேய்ந்த ஸ்போர்ட்ஸ் ஷூவில் இடது காலை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். ஹேர் டிரையரில் சூடு காட்டினால் பசை இளகும். இளகியது, ஆனால் ஓரத்தில் மட்டும். மீதியைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் போனது. அடியில் ரப்பர், அதன் மேல் நுரை, அட்டை போன்ற ஒரு தகடு, உள்ளே மெத்தை, வலைத்துணி, மூக்கிலும் குதிகாலிலும் விறைப்புக்கு வைத்த பிளாஸ்டிக், லேஸ் ஓட்டை வளையங்கள், நூல். எல்லாவற்றிலும் பசை. 2013-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண ஓட்டப் பயிற்சி ஷூ ஒன்றில் 65 பாகங்கள், அதைச் செய்ய 360-க்கும் மேற்பட்ட வேலைப் படிகள் என்று கணக்கிட்டார்கள். அறுத்துப் பார்த்தபின் அந்த எண் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதனால் பெரிய அளவில் யாரும் கையால் பிரிப்பதில்லை. அப்படியே அரைத்துவிடுகிறார்கள். இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். மீதித் துகள்களைக் காற்றில் விட்டுப் பிரிப்பார்கள்: கனமான ரப்பர் கீழே, லேசான நுரையும் துணிப்பஞ்சும் மேலே. முறத்தில் புடைப்பது மாதிரிதான். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இந்த முறையை வைத்து நிறைய வேலை செய்திருக்கிறார்கள். நைக்கி 1990-களின் தொடக்கத்திலிருந்தே பழைய ஷூக்களை வாங்கி அரைக்கிறது. அந்தத் துகள் பெரும்பாலும் விளையாட்டுத் தளத்துக்கும் தரைவிரிப்புக்கும் போகும். தோல் ஷூ இன்னும் சிக்கல். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலைக் கண்டபடி எரித்தால் அந்தக் குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறலாம். தோல் பட்டறைக் கழிவு கலந்த எங்கள் பாலாற்றுப் பக்கத்துக்காரர்களுக்குக் குரோமியத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அரைப்பதற்கு முன் தரம் பிரிக்கும் மேசை ஒன்று இருக்கிறது. காசு அங்கேதான். போடக்கூடிய நிலையில் உள்ள ஜோடி மறுவிற்பனைக்கு, மற்றது அரவைக்கு. ஒற்றைக் கால் ஷூ எவ்வளவு புதிதாக இருந்தாலும் அரவைக்குத்தான். ஆகவே பெட்டியில் போடுமுன் இரண்டு லேஸையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள்.

சிங்கப்பூரில் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். டௌ என்ற ரசாயன நிறுவனமும் அந்நாட்டு அரசு விளையாட்டு அமைப்பும் சேர்ந்து, பழைய ஷூக்களை அரைத்து ஓடுதளமும் சிறுவர் பூங்காத் தரையும் போடுவதாகப் பெட்டிகள் வைத்தன. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 2022-இல் 11 ஜோடிகளின் சோலுக்குள் இருப்பிடம் காட்டும் கருவியை ஒளித்து அந்தப் பெட்டிகளில் போட்டார்கள். ஒன்றுகூட அரவைக்குப் போகவில்லை. 10 ஜோடி, பழைய பொருள் ஏற்றுமதி செய்யும் ஒருவரின் கிடங்கு வழியாக இந்தோனேசியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய துணி, ஷூ இறக்குமதியை அந்த நாடு 2015-லேயே தடை செய்திருக்கிறது. என்னைக் கேட்டால், இன்னொருவர் காலில் அந்த ஷூ ஏறியதில் தப்பே இல்லை, அரைப்பதைவிட அது மேல். பூங்கா போடுவதாகச் சொல்லி வாங்கியதுதான் உறுத்துகிறது.

சரி, நீங்கள் என்ன செய்வது? முதலில் செருப்பு தைப்பவரிடம் போங்கள். பிரான்ஸில் 2023 முதல் துணி, ஷூ பழுது பார்க்கும் கூலியில் ஒரு பங்கைக் கழித்துத் தருகிறார்கள். நம் ஊரில் அந்தத் தள்ளுபடி கிடையாது, ஆனால் தைப்பவர் தெருமுனையிலேயே இருக்கிறார். இரண்டாவது, நல்ல ஷூவை "அப்புறம் யாருக்காவது கொடுக்கலாம்" என்று பீரோ மேல் வைக்காதீர்கள். பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்கில் செய்த சோல் காற்றின் ஈரத்திலேயே நைந்துவிடும். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை ஐந்து வருஷம் கழித்துப் போட்டுக்கொண்டு போய், மண்டபத்துப் படியில் சோல் ரஸ்க் மாதிரி உதிர்ந்தவர்கள் என் சொந்தத்திலேயே இரண்டு பேர். கொடுப்பதென்றால் இப்போதே கொடுங்கள். மும்பையில் கிரீன்சோல் என்ற அமைப்பு பழைய ஷூவின் அடிப்பாகத்தை வெட்டிச் செருப்பாக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தருகிறது. லாரி டயரில் செருப்பு வெட்டிப் போட்ட ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை.

மகனுடைய ஷூவில் வலது கால் மிச்சமிருந்தது. நான் அறுத்த வேலையால் அது ஒற்றையாகிவிட்டது, எந்தப் பெட்டியிலும் மதிப்பில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோல் ரப்பர் நல்லா இருக்கு, ரெண்டு பேருக்கு ஹீல் போடலாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.