சென்னை ஃபிளாட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 40. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கையில் வரும் சம்பளம் 1,20,000 ரூபாய். மனைவி கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறார், 45,000. மாதம் சுமார் 30,000 மிச்சம் பிடிக்கிறோம். மேடவாக்கத்தில் 2014இல் 42 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட் இன்று 75 லட்சம் போகும் என்கிறார்கள். கடன் பாக்கி 28 லட்சம், மாதத் தவணை 38,000, இன்னும் 9 ஆண்டுகள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் சிபிஎஸ்இ. பெற்றோர் லால்குடியில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாதம் இரண்டு முறை அலுவலகம் வந்தால் போதும், மற்ற நாட்களில் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ஃபிளாட்டை விற்று, கடனை அடைத்து, திருச்சியில் மனை வாங்கி வீடு கட்டு என்கிறார் மைத்துனர். திருச்சியில் செலவு குறையும் அல்லவா? மனைவிக்கும் சம்மதம்தான். என்ன செய்யலாம்?

– வாசகர், மேடவாக்கம்

பதில்: செலவு குறையும். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு முறை எட்டிப் பார்க்கும் தொகைதான் இந்த முடிவின் அச்சாணி. உங்கள் மனைவியின் 45,000 ரூபாய்.

நீங்கள் தனியாக இணைத்து அனுப்பிய செலவுப் பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 20,000 ஆகிறது. திருச்சியில் விசாரித்த பள்ளியில் 12,000 என்கிறீர்கள். அதில் 8,000 மிச்சம். பெட்ரோலும் அலைச்சலும் 9,000 என்பது 3,000 ஆகும், 6,000 மிச்சம். மாதந்தோறும் லால்குடி போய்வரும் செலவு 5,000 நின்றுவிடும். மேடவாக்கம் ஃபிளாட்டை இப்போதைக்கு விற்காமல் வாடகைக்கு விட்டால் 18,000 வரும், திருச்சியில் 16,000 கொடுப்பீர்கள். அந்த 2,000 வித்தியாசத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆள் மாறும்போது வீடு காலியாகக் கிடக்கும் மாதமும், பெயிண்ட்டும், குழாய்ப் பழுதும் அதை விழுங்கிவிடும். ஆக மிச்சம் 19,000.

புதிதாக முளைக்கும் செலவு: மாதம் இரண்டு முறை சென்னைப் பயணம், ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவுத் தங்கல், குறைந்தது 8,000. மாற்று இணைய இணைப்புக்கும் இன்வெர்ட்டருக்கும் மாதக் கணக்கில் 1,500. இவற்றைக் கழித்தால் திருச்சி உங்களுக்கு மிச்சப்படுத்தித் தருவது மாதம் 9,500 ரூபாய்தான். மளிகை, பருப்பு, மருந்து, செல்பேசி, ஆன்லைனில் வாங்கும் பொருட்கள் எதுவும் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பகல் முழுக்க வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் ஏசி கட்டணம் வேறு இருக்கிறது.

இந்த 9,500க்கு எதிரே மனைவியின் 45,000ஐ வையுங்கள். அவர் வேலையை விட்டால் மாதம் 35,500 துண்டு விழும். இப்போது சேமிக்கும் 30,000 போய், கையிருப்பிலிருந்தும் எடுக்க வேண்டிவரும். திருச்சியில் அவருக்கு 22,000 சம்பளத்தில் வேலை கிடைத்தால் பள்ளம் 13,500 ஆகச் சுருங்கும். சேமிப்பு பாதியாகும், ஆனால் குடும்பம் ஓடும். இப்போதைய நிறுவனமே அவரையும் வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க அனுமதித்தால் மட்டுமே இந்த இடமாற்றம் பணரீதியாக உங்களுக்கு லாபம்.

எனவே வேலை தேடல் திருச்சிக்குப் போன பிறகு தொடங்கக் கூடாது, இங்கிருந்தபடியே தொடங்க வேண்டும். ஜிஎஸ்டி, டேலி தெரிந்த அனுபவமுள்ள கணக்கர்களைத் தேடும் தணிக்கையாளர் அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் திருச்சியில் உண்டு. சம்பளம்தான் சென்னை அளவு இருக்காது. “மனைவிக்கும் சம்மதம்தான்” என்ற வரியில் உள்ள அந்தத் “தான்” எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. மேலே உள்ள கணக்கை அவரிடம் காட்டிவிட்டு, ஒரு முறை கேளுங்கள்.

அடுத்து உங்கள் வேலை. மேலாளர் வாயால் சொன்னது அனுமதி ஆகாது. அவர் நாளை வேறு நிறுவனத்துக்குப் போகலாம், கொள்கை மாறலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்த பல நிறுவனங்கள் ஊழியர்களைத் திரும்ப அலுவலகத்துக்கு அழைத்ததைக் கடந்த சில ஆண்டுகளில் பார்த்துவிட்டோம். பணியிடம் திருச்சி என்றோ, நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை என்றோ மனிதவளத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பணியிடத்தை மாற்றினால் சம்பள அமைப்பு மாறுமா, அடுத்த ஊதிய உயர்வை அது பாதிக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எழுத்தில் கிடைத்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும்: இந்த வேலை போனால் அடுத்த வேலை எங்கே? சென்னையில் இருப்பவருக்கு வேலை மாறுவது என்றால் வேறு பஸ் பிடிப்பது. திருச்சியில் நவல்பட்டு எல்காட் பூங்கா இருக்கிறது, பஞ்சப்பூரில் டைடல் பூங்கா வருகிறது. ஆனாலும் 15 ஆண்டு அனுபவத்துக்கு இன்றைய சம்பளத்தைக் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே எத்தனை என்று நீங்களே தேடிப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைக்கச் சொல்வேன். உங்களைப் போல வெளியூரிலிருந்து ஒரே நிறுவனத்தை நம்புபவர்களுக்கு 12 மாதம். அந்தப் பணம் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

இனி மைத்துனரின் யோசனை. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஃபிளாட்டை விற்றால் 38,000 தவணை மறைந்துவிடும், மேலே போட்ட கணக்கு தலைகீழாகும். மனைவிக்கு 22,000 வேலை கிடைத்தால்கூடச் சேமிப்பு இன்றைக்கு இருப்பதைவிடக் கூடும். கடன் இல்லாத வீட்டின் நிம்மதியையும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வரியும் உங்களைப் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. நீங்கள் 2024 ஜூலை 23க்கு முன்பே வாங்கியவர் என்பதால் இரண்டு வழியில் எது குறைவோ அதைக் கட்டலாம். பணவீக்கக் குறியீடு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் எண்) இல்லாமல் 12.5 சதவீதம் என்றால், 33 லட்ச லாபத்துக்கு சுமார் 4.1 லட்சம். குறியீட்டுடன் 20 சதவீதம் என்றால், 2025-26ஆம் ஆண்டின் குறியீட்டின்படி 42 லட்சம் 65.8 லட்சமாக உயர்ந்து, லாபம் 9.2 லட்சமாகச் சுருங்கி, வரி சுமார் 1.84 லட்சம் (செஸ் தனி). விற்றதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டி முடித்தாலோ, லாபம் முழுவதையும் அதில் போட்டிருந்தால் அந்த வரியும் இல்லை.

என் தயக்கம் வரிசையில்தான். விற்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. திருச்சி ஒத்துவராமல், அல்லது நிறுவனம் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி சென்னையில் இதே மாதிரி மறுவிற்பனை ஃபிளாட் ஒன்றை 75 லட்சத்துக்கு வாங்கினால், முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 6.75 லட்சம் போகும். தரகு தனி. அதற்குள் விலை ஏறியிருந்தால் அதுவும் உங்கள் தலையில். விற்காமல் வாடகைக்கு விட்டால் இந்த நஷ்டம் எதுவும் கிடையாது. இரண்டு ஆண்டு கழித்து விற்றாலும் இன்றைய சட்டத்தில் உள்ள அதே வரிச் சலுகை உண்டு. வாடகைக்கு விட்ட வீடு என்பதால் அது பறிபோவதில்லை. காத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அந்த இரண்டு ஆண்டுத் தவணை வட்டிதான், அதிலும் பெரும்பகுதியை வாடகை ஈடுகட்டிவிடும்.

வாடகை வருமானத்துக்கு வரி வருமா என்று பயப்பட வேண்டாம். ஆண்டுக்கு 2,16,000 வாடகையில் 30 சதவீதக் கழிவு போக 1.5 லட்சம் சொச்சம் நிற்கும். உங்கள் கடன் வட்டியே முதல் ஆண்டுகளில் அதைவிட அதிகம். புதிய வரி முறையிலும் வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம், மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கத்தான் முடியாது. பழைய முறையில் இருப்பவர் என்றால் திருச்சி வாடகைக்கு வீட்டு வாடகைப்படி விலக்கும் கேட்கலாம். அதன் மூன்று வரம்புகளில் ஒன்று சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், திருச்சிக்கு 40 சதவீதம். புதிய முறையில் அந்த விலக்கே இல்லை.

குடிவருபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்யுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிமானம்.

மனை வாங்கும் ஆசை விடாது என்பது தெரியும். ஒன்றிரண்டு எச்சரிக்கை மட்டும். மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்பு இயக்கக ஒப்புதலும், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், விற்பவர் காட்டும் நகலை நம்ப வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் வீடோ மனையோ பார்த்தால் முதல் கேள்வி அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், பற்றியதாக இருக்கட்டும். கோயில் நிலமா என்ற வழக்கு அங்கே பல தெருக்களில் பல ஆண்டுகளாக நடக்கிறது. கொள்ளிடக் கரைப் பக்கம் விலை மலிவாக இருந்தால், ஆற்றில் வெள்ளம் வந்த ஆண்டில் அந்த இடம் எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். இடம் மாறுபவர்களிடம் பொதுவாக ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பி வாருங்கள் என்பேன். உங்களுக்கு அந்த வசதி இல்லை, காரணம் மகள். சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பதிவு செய்கிறார்கள். 9, 10 இரண்டும் சேர்ந்தே ஒரு படிப்பு. பத்தாம் வகுப்பில் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும். அதாவது, வரும் கல்வியாண்டின் தொடக்கத்தில் மாறினால் மகள் பத்தாம் வகுப்பு முடியும்வரை திருச்சிதான். இந்த ஆண்டு மாறவில்லை என்றால், அவள் பத்தாவது எழுதி முடிக்கும்வரை சென்னைதான்.

ஆகவே ஒத்திகையைப் போகும் முன்பே செய்ய வேண்டும். அரையாண்டு விடுமுறையில் இரண்டு வாரம் நால்வரும் திருச்சியில் தங்குங்கள். லால்குடி வீட்டில் விருந்தாளியாகத் தங்கக் கூடாது. பொன்னகர், தில்லைநகர், கே.கே.நகர், திருவானைக்காவல் என்று நீங்கள் குடியிருக்க நினைக்கும் பகுதியில் வாடகை அறை எடுங்கள். அங்கிருந்து முழு வேலை நாள் வேலை பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தும் மின்சாரம் மாலை நான்கு, ஐந்துக்குத்தான் வரும். அன்றைக்கு உங்கள் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்?

சென்னைப் பயணத்தையும் ஒரு முறை நிஜமாகவே செய்து பாருங்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர், பகலில் வந்தே பாரத், பல்லவன் எல்லாம் உண்டு. இருந்தாலும் ஞாயிறு இரவு சென்னை நோக்கி வரும் எந்த வண்டியிலும் இடம் கிடைப்பது கஷ்டம். முன்பதிவும் இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அலுவலக நாட்களாகத் திங்களை ஒப்புக்கொள்ளாதீர்கள், செவ்வாய், புதன் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்பாவைப் பொறுத்தவரை திருச்சி நல்ல முடிவு. பெரிய இதய மருத்துவமனைகள் லால்குடியிலிருந்து அரை மணி, முக்கால் மணி தொலைவில் இருக்கின்றன. நீங்களும் அதே தொலைவில் இருந்தால் நள்ளிரவில் நெஞ்சுவலி வரும்போது சென்னையிலிருந்து 330 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டாம். இதற்குப் பண மதிப்புப் போட நான் முயலவில்லை. மாதம் 13,500 பள்ளத்தை இதற்காகவே ஏற்கிறேன் என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான பதில். “செலவு குறையும்” என்பதைவிட இது நேர்மையான காரணமும்கூட.

ஆனால் பெற்றோரின் மருத்துவக் காப்பீடு உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீடு மட்டும்தானா? வேலை போனால் அதுவும் போகும். தனியாக எடுத்த பாலிசி இருந்தால் அதில் மண்டலக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். சில பாலிசிகளில் சிறிய நகர முகவரிக்கு பிரீமியம் குறைவு. ஆனால் சென்னையில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். முகவரி மாற்றும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் இதை எழுத்தில் கேளுங்கள். ஒரே வீட்டில் பெற்றோருடன் சேர்ந்து இருப்பதா, பக்கத்தில் தனி வீடா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் ஓராண்டு தனி வீடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் முடிவு இது. ஜனவரி கடைசிக்குள் மூன்று காகிதங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி, மனைவிக்குத் திருச்சியில் வேலைக்கான கடிதம் அல்லது வீட்டிலிருந்தே வேலை பார்க்க இப்போதைய நிறுவனத்தின் அனுமதி, 12 மாதச் செலவுக்கான வங்கி இருப்பு. மூன்றும் இருந்தால் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு, திருச்சியில் வாடகைக்குக் குடியேறுங்கள். ஒன்று குறைந்தாலும் மகள் பத்தாவது முடிக்கும்வரை சென்னையிலேயே இருந்து, பெற்றோருக்கு லால்குடியில் பகல்நேர உதவியாளர் ஒருவரை வைத்துக்கொடுங்கள். விற்பனைப் பேச்சை இரண்டு ஆண்டு தள்ளிவையுங்கள். திருச்சிப் பள்ளி விண்ணப்பத்தை மட்டும் ஜனவரி வரை தள்ள வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் காலியிடம் குறைவாகவே இருக்கும், இப்போதே கேட்டுவைத்தால் பிறகு வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.