கள்ளக் காசு கலந்திருந்தாலும் புதையல் புதையல்தான்

கேள்வி: இங்கிலாந்தில் நில உரிமையாளரின் அனுமதியோடு நானும் நண்பரும் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடினோம். ஒரே குழியில் முதலாம் எட்வர்ட் காலத்து வெள்ளி பென்னிகள் முப்பதுக்கு மேல் கிடைத்தன. பத்து நாள் முன்பு அவற்றைப் பார்த்த நாணய வியாபாரி, சில காசுகள் வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றார். போலி கலந்தால் புதையல் ஆகாது என்று சொல்லி, நண்பர் எட்டு காசுகளை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டார். நிலத்துக்காரரும் என்னை அவமதிக்கிறார். யார் மீது வழக்குப் போடலாம்?

பதில்: யார் மீதும் வேண்டாம். நண்பரின் துரோகமும் நிலத்துக்காரரின் பேச்சும் ஒருபுறம் கிடக்கட்டும். கிடைத்தது புதையலா என்று விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரியான கரோனருக்குத் தகவல் கொடுத்தீர்களா? இரண்டு பக்கக் கடிதத்தில் அந்த ஒரு வரி இல்லை. 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் தரும் கெடு 14 நாள். வியாபாரி சொன்ன அன்றுதான் உங்களுக்குப் புதையல் என்று தெரிந்தது என்று வாதாடினாலும், மிச்சம் நான்கு நாள்.

முந்நூறு ஆண்டு பழமையான வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே புதையல். அவற்றோடு கிடைத்த அக்காலக் கள்ளக் காசும் அதில் சேரும். அதைத் தனியே பிரிக்காதீர்கள். விளிம்பைச் சுரண்டியோ அமிலத்தில் போட்டோ சோதிக்காதீர்கள். செம்பு வெள்ளியைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் எடை ஒரு துப்புத் தரலாம்; ஆனால் சோதித்து முடிவு சொல்வது அருங்காட்சியக நிபுணரின் வேலை. காசைக் கெடுத்தால், அருங்காட்சியகம் புதையலை எடுத்துக்கொள்ளும்போது தரும் வெகுமதியும் குறையும்.

எனக்குப் பெரிய கவலை அந்த எட்டு காசுகள்தான். தகவல் தராததற்கு மட்டும் மூன்று மாதம் வரை சிறை. குவியலைப் பிரித்து, தனித்தனியாகக் கிடைத்ததுபோல் விற்றால் அது திருட்டு வழக்காகிவிடும். 2015-இல் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலக் குவியல் ஒன்றைக் கண்டெடுத்து மறைத்த இருவருக்கு 2019-இல் பத்து ஆண்டும் எட்டரை ஆண்டும் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும் ஆண்டுக்கணக்கில்தான். "நான் விற்கவில்லை, அவர்தான் விற்றார்" என்று வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் வாய் மூடியிருந்ததே அவர்களைச் சிக்கவைத்தது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். வெகுமதியில் வழக்கமாகப் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி கண்டெடுத்தவர்களுக்கு. உங்கள் பாதியை நண்பரோடு எப்படிப் பிரிப்பது என்று மூவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் நஷ்டமில்லை. நண்பர் எட்டையும் திருப்பித் தர மறுத்தால், அதையும் கரோனருக்கான தகவலில் அப்படியே எழுதுங்கள். அவரைக் காப்பாற்ற எண்ணிக்கையைக் குறைத்தால் நீங்களும் உடந்தை.